முன்னாள் படைவீரர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

குடியரசு நாள், கார்கில் வெற்றி நாள், கொடிநாள் நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தன. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பெல்லாம் ஊன ஓய்வூதிய மனுக்களுக்கே போனது. மற்ற வேலைகள் பின்தங்கியதாகச் சிலர் சொல்வதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

கார்கிலில் ஷெல் சிதறல் முழங்காலில் பாய்ந்த நம் உறுப்பினர் ஒருவர், சேவைக்காலம் முடித்து வந்தவர். படை மருத்துவர்கள் குழுவான மெடிக்கல் போர்டு ஊனம் 20 சதவீதம் என்று எழுதியது. அதற்கான தொகையை மட்டும் வாங்கிவந்தார். எதிரித் தாக்குதலில் பட்ட காயம் என்றால் அது போர்க்காய ஓய்வூதியம். அவரைப் போன்றவர்களுக்குச் சாதாரண ஊனத் தொகையைப் போல இரு மடங்கு. மேலும், 50 சதவீதத்துக்குக் குறைந்த ஊனத்தை 50 சதவீதமாகக் கணக்கிடும் சலுகை சேவை முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது எதுவும் அவருக்குத் தெரியாது. காயம் பற்றிய பதிவைக் கேட்டதற்கு, காலக்கெடு முடிந்து அழித்துவிட்டோம் என்று ஓர் அலுவலகம் பதில் போட்டது. கடைசியில் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் கார்பன் பிரதி ஒன்று கிடைத்தது. மடிப்பெல்லாம் கிழிந்திருந்தாலும் 'எனிமி ஷெல்லிங்', அதாவது எதிரியின் குண்டுவீச்சு, என்ற எழுத்து அழியவில்லை. அந்த ஒரு தாளை வைத்துத்தான் அவர் அப்பீல் போயிருக்கிறது.

நோயால் படையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. படையில் சேரும்போது பதிவில் குறிக்கப்படாத நோய் பணியால் வந்ததாகவே கொள்ளப்படும், மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறது 2013இன் தரம்வீர் சிங் தீர்ப்பு. அப்பீல் தள்ளுபடியானால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் தாமதம் பணத்தைத் தின்றுவிடும். 2008இல் தர்செம் சிங் வழக்கில் நிலுவை, மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளோடு நிறுத்தப்பட்டது. அதைக் காட்டியே பலருக்கு நிலுவையை வெட்டியிருக்கிறார்கள். நேரம் வரட்டும் என்று இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சனிக்கிழமை தோறும் கோப்புப் பார்க்க உட்கார்ந்தோம். வருவது எப்போதும் அதே சில முகங்கள்தான். உத்தரவு கைக்கு வந்ததும் போனைக்கூட எடுக்காதவர்கள் இருக்கிறார்கள். சந்தா பாக்கிப் பட்டியலில் அவர்கள் பெயர்களே முன்னால் நிற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வழக்கறிஞர் கட்டணத்தை அவரவரே கொடுத்தார்கள். ஜெராக்ஸ், தபால், பயணச் செலவு சங்கத்தினுடையது. வரவு செலவை ஒட்டியே நிற்கிறது; விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். தலைவருக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு, மறைந்த வீரர்களின் மனைவியருக்குச் சேர வேண்டிய நிலுவைகளைக் கையில் எடுக்க நினைக்கிறேன். படையினர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் பதிவுகளைச் சரிபார்க்கக் கணினி தெரிந்த இரண்டு பேராவது வேண்டும். அவர்கள் கிடைத்தால்தான் நான் இந்தப் பொறுப்பில் தொடர முடியும். டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு தாள்களோடு வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும். சந்தா வாங்கப் பொருளாளரும் அங்கேயே இருப்பார்.