மேடையில் சட்டி கேட்கவில்லை

அன்புள்ள மகனுக்கு,

நைனா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு சுகர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. போனில் பேசினால் நீ வேலைக்கு நடுவில் "சரி நைனா, சரி நைனா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். கலை விழா மேடையில் நம்ம சட்டி, இடுப்பில் கட்டி அடிக்கிற அந்த மோளம், கேட்காமல் போன கதையை அப்படி விட எனக்கு மனசில்லை. அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 14 அன்று நம்ம ஏரியாவில் கலை விழா. வழக்கமாக அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளுக்கு வெளியிலிருந்து ஒரு ஆர்கெஸ்ட்ராவைக் கூப்பிடுவோம், சினிமாப் பாட்டு பாடுவார்கள், பிரியாணி கொடுப்போம், முடிந்துவிடும். இந்த வருஷம் பசங்க ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள். வெளி ஆர்கெஸ்ட்ரா வேண்டாம், புளியந்தோப்பு, பட்டாளம், கன்னிகாபுரம், வியாசர்பாடி, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மட்டும்தான் மேடை ஏற வேண்டும் என்றார்கள். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். "காசு கொடுத்து கூப்பிட்டாத்தான் கூட்டம் வரும்" என்று ஒருத்தர் சொன்னார். கூட்டம் வந்தது. பெண்கள் பாத்திரம் தேய்த்துவிட்டு ஈரக்கையோடு வந்து நின்றார்கள்.

முதலில் பறை. பதினோரு பேர், அதில் நாலு பெண் பிள்ளைகள். இப்போது பாதிப் பேர் பைபர் தோல் போட்ட பறைதான் வைத்திருக்கிறார்கள். அதைக் காய்ச்ச வேண்டியதில்லை, மழையில் நனைந்தாலும் தொங்காது. ஆனால் ஒரு பையன் தோல் பறையோடு வந்திருந்தான், அவன் தாத்தாவுடையது. சாயங்காலம் கடல் காற்று ஏறியதும் தோல் தளர்ந்து சத்தம் மொத்தென்று விழுந்தது. பந்தல் பக்கத்தில் நெருப்பு மூட்டக் கூடாது என்று கமிட்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் என்ன பண்ணினான் தெரியுமா? முனையில் இஸ்திரி வண்டி இருக்கிறதே, அங்கே போய் பெட்டியைத் திறக்கச் சொல்லி, கரித் தணல் மேலே பறையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் காட்டுவது, விரலால் சுண்டிப் பார்ப்பது, திருப்பிக் காட்டுவது. நான் பக்கத்தில் போய் நின்றேன். விளிம்பில் சூடு பட்டால் போதாது, நடுவில் கைவைத்தால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும் என்று சொன்னேன். மூன்றாவது முறை சுண்டியபோது கணீரென்று கேட்டது. இஸ்திரிக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவரே வாசித்த மாதிரி ஒரு சந்தோஷம்.

பறை நன்றாக இருந்தது. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குப் போகிற வாத்தியம் அது, அதை யாரும் கெடுக்க முடியாது.

அடுத்து கானா. பாடியது ஒரு பெண், பத்தொன்பது வயசு இருக்கும், மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மாவின் மகள். என் காலத்தில் பெண் பிள்ளை கானா பாடி நான் பார்த்ததில்லை. ராயபுரத்து கானா பாடகி இசைவாணி 2020-இல் பிபிசி தேர்ந்தெடுத்த 100 பெண்களில் ஒருத்தராக வந்தபோது நம்ம தெருவில் பட்டாசு வெடித்தார்களே, அன்றைக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளில் இவளும் ஒருத்தி. தபேலாவும் டோலக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, செத்துப்போன அவள் பாட்டியைப் பற்றிப் பாடினாள். பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, பாட்டி திட்டும் திட்டு, ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த ராத்திரி என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனாள். உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் எழுத வந்தது அதற்கு அப்புறம் நடந்ததைத்தான்.

கடைசியாக நம்ம தெருப் பசங்களின் பேண்டு. ஏழு பேர். கிடார், பேஸ், கீபோர்டு, ஒருத்தன் ராப், ஒருத்தி பாட்டு, ஒருத்தன் ரெண்டு பக்கமும் அடிக்கிற கட்ட மோளம், ஒருத்தன் சட்டி. சட்டி அடிப்பவன் யார் என்று கேட்கிறாயா? என்னோடு கூட வாசித்தாரே, பட்டாளத்துப் பெரியவர், அவருடைய பேரன். எட்டு மாசமாக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நம்ம மொட்டை மாடிக்கு வருகிறான். நான்தான் நடை சொல்லிக் கொடுத்தேன். உன்னிடம் சொல்லவில்லை, மேடை ஏறின பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். மணிக்கட்டு அவ்வளவு இலகுவாக விழுகிறது அவனுக்கு. பாட்டு எங்கே மூச்சு விடுகிறதோ அந்தச் சந்தில் மட்டும் நுழைந்து நாலு அடி வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவான். அது சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

மேடையில் அவன் அடித்தான். கை போவது எனக்குத் தெரிகிறது, சத்தம் வரவில்லை. கீபோர்டு இடிக்கிறது, பேஸ் வயிற்றில் மோதுகிறது, சட்டி இருக்கிற இடமே தெரியவில்லை. பக்கத்து மைக்கில் கொஞ்சம் கசிந்து வந்ததுதான் மிச்சம். நான் சவுண்டு மிக்சரில் உட்கார்ந்திருந்த பையனிடம் போய் "தம்பி, சட்டியைக் கொஞ்சம் ஏத்து" என்றேன். "அதுக்கு மைக்கே போடல தாத்தா, அது தானா கேக்கும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கெஞ்சிக் கேட்டதும் ஒரு பாட்டு மைக்கை எடுத்து சட்டிக்கு நேராக நிறுத்தினான். உடனே ஊ என்று கூவ ஆரம்பித்துவிட்டது. பயந்துபோய் அணைத்துவிட்டான். கட்ட மோளத்துக்கு ஒரு பக்கம்தான் மைக். இன்னொரு பக்கத்து கும்கி, அந்தக் கனத்த சத்தம், வெளியே வரவே இல்லை.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். பையன் சட்டியை இடுப்பிலிருந்து கழற்றி மேடைக்குப் பின்னால் மண்ணில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். "கேட்டுதா தாத்தா?" என்றான். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "எனக்குக் கேட்டுது" என்று சொன்னேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். மில் மூடினபிறகு நமக்குச் சோறு போட்டது சாவு வீடுதான். பகலில் ஊர்வலத்துக்குச் சட்டியும் மோளமும், ராத்திரி பிணத்தின் பக்கத்தில் விடிய விடிய கானா. பத்து வயசில் நீ ஒயரைத் தோளில் சுற்றிக்கொண்டு என் பின்னாலேயே வருவாய். ஒரு ஆம்ப்ளிபயர், ரெண்டு மைக், அவ்வளவுதான் நம்ம செட்டு. பாடுகிறவருக்கு ஒன்று, வாத்தியத்துக்கு ஒன்று. அந்த ஒரே மைக்கை டோலக்குக்கும் தபேலாவுக்கும் நடுவில் எந்தக் கோணத்தில் சாய்த்தால் ரெண்டும் சமமாக விழும் என்று நீயாகவே நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடித்தாய். பெரியவர் சொல்வார், "உன் பையன் காதுல தராசு இருக்குடா" என்று. பள்ளிக்கூடத்தில் "சாவு மோளக்காரன் பையன்" என்று சொன்னதால் நீ வருவதை நிறுத்தினாய். அது எனக்கு அப்போதே தெரியும். நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ அழுதிருப்பாய்.

அப்புறம் நீயே என்னை கீழ்ப்பாக்கத்துக்கு அழைத்துக்கொண்டு போனாய், 2018 ஜனவரி 6. டைரக்டர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உண்டாக்கின காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்டு முதல் முதலாக மேடை ஏறின ராத்திரி. பத்தொன்பது பேர், கிடாரும் டிரம்ஸும் நிற்கிற அதே வரிசையில் பறையும் சட்டியும் கட்ட மோளமும். என் சட்டி அப்படி ஒரு மேடையில் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்னதிலிருந்துதான் அந்தப் பெயரை எடுத்தார்கள் என்று திரும்பி வரும்போது நீ சொன்னாய். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. யாரோ அந்த வாத்தியத்தை மதித்து அதற்கு மைக் வைத்திருக்கிறார்கள். அந்த மாதம் முழுக்க நீ யூடியூப் பார்த்துக்கொண்டு சவுண்டு படிப்பு எங்கே இருக்கிறது என்று தேடினாய்.

இப்போது துபாயில் பெரிய பெரிய மேடைக்கெல்லாம் நீ சவுண்டு வைக்கிறாய். எனக்கு அதில் பெருமைதான், குறை ஒன்றும் சொல்லவில்லை. உன் சம்பளத்தில்தான் தங்கச்சி கல்யாணம் நடந்தது, வீட்டுக்குத் தளம் போட்டோம். ஆனால் அன்றைக்கு அந்த மிக்சருக்குப் பின்னால் நின்றபோது இந்த நாற்காலியில் என் பையன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அடிக்கிறவன் இருக்கிறான், பாடுகிறவள் இருக்கிறாள், கேட்க ஜனம் இருக்கிறது. இது எப்படி ஒலிக்க வேண்டும் என்று தெரிந்த காது மட்டும் இல்லை.

பத்து மணிக்கு மைக்கை அணைத்துவிட்டோம், ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதுதான் சட்டம், பந்தோபஸ்துக்கு வந்தவரும் தன்மையாகத்தான் நினைவுபடுத்தினார். கூட்டம் கலைந்தபிறகு பசங்க போகவில்லை. மைக் இல்லாமல், விளக்கைப் பாதி அணைத்துவிட்டு, ஜமுக்காளத்தில் உட்கார்ந்து அதே பாட்டை மெதுவாகத் திரும்ப வாசித்தார்கள். அப்போது சட்டி கேட்டது. நாங்கள் பத்துப் பதினைந்து பேர்தான் இருந்தோம்.

அடுத்த ஏப்ரலுக்கு ஒரு வாரம் லீவு எழுதிக் கொடு. பசங்க இப்போதே மாசம் ஐம்பது ரூபாய் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள், மைக் வாடகைக்கு. எந்த மைக், எத்தனை என்று நீ சொன்னால் அதையே எடுப்பார்கள். மிக்சரில் உட்கார்ந்த அந்தப் பையனும் உன் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. சட்டிக்கு மைக்கை எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் சாய்த்து வைத்தால் கூவாது, கட்ட மோளத்தின் ரெண்டு பக்கத்துக்கும் எப்படி வைப்பது என்று ஒரு பேப்பரில் படம் போட்டு வாட்ஸப்பில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை அவன் மாடிக்கு வருவான், காட்ட வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெயிலில் மேடை கட்டும்போது தண்ணீர் குடி.

உன் நைனா