மார்கழிக் கொப்பியும் சித்திரைக் கொப்பியும்

ஸ்காபறோ,
வைகாசி 9.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தம்பியும் சுகமாயிருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுறன். இங்க மரங்கள் இப்பதான் தளிர்க்குது.

தையில எனக்கு வீடு தராம விட்டதைப் பற்றிப் போன கிழமை திரும்பவும் கேட்டீங்கள். "கிரெடிட் காட் காசை ஒழுங்காக் கட்டினனி எண்டால் பிறகேன் பிள்ளை?" எண்டு. போனில எனக்கு விளங்கப்படுத்தத் தெரியேல்லை. தம்பியும் புரட்டாதியில படிக்க வரப்போறான், அவனும் வாசிக்கட்டும் எண்டு ஆறுதலா இருந்து எழுதுறன்.

இங்க வாடகைக்கு வீடு கேட்டாலும் கிரெடிட் ஸ்கோர் பாப்பினம். கடனை எப்பிடிக் கையாளுறம் எண்டு காட்டுற, 300இல இருந்து 900 வரைக்கும் ஒரு இலக்கம், கூடினால் நல்லது. இக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் எண்டு ரெண்டு கொம்பனி எல்லாற்ற கடன் கணக்கையும் வைச்சிருக்கினம். மாமா த்ரீவீலுக்கு லீசிங் போடேக்க 'கிரிப்' எண்டு அவற்ற பழைய கடன் பதிவைப் பாத்தவையெல்லே, அந்தச் சாதிதான்.

என்ர கிரெடிட் காட்டுக்கு லிமிட், அதாவது ஆகக்கூடக் கடனாப் பாவிக்கக்கூடியது, 1000 டொலர். ஐப்பசியில வந்து இறங்கின கையோட குளிர் ஜக்கெட், சப்பாத்து, மெத்தை எண்டு 870 டொலர் போட்டுது. பில் 12ஆம் திகதி வரும், கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 3ஆம் திகதி. நான் 2ஆம் திகதியே முழுசாக் கட்டினன். ஒரு சதம் வட்டி இல்லை. ஆனா பாங்க் அந்தக் கொம்பனிகளுக்கு அனுப்பினது 12ஆம் திகதி பில்லில நிண்ட 870ஐ. பிறகு நான் கட்டினது அதில தெரியாது. அடுத்த மாதங்களும் சாப்பாட்டுச் சாமான், பஸ் எண்டு 700, 800. லிமிட்டில 87 வீதம் பாவிச்சவள் எண்டால், பாக்கிறவைக்கு நான் கழுத்தளவு கடனில நிக்கிற ஆள்.

எங்கட கடையில கடன் எழுதுற கொப்பியை நினைச்சுப் பாருங்கோ அப்பா. மார்கழியில வாடைக் காத்துக்கு மீன்பிடிப் போட் கடலில இறங்காது. அரிசி, மா, பால்மா எல்லாம் கடன். அண்டைக்கு ஒருத்தர் வந்து கொப்பியைப் பிரிச்சா, திருக்கடலூர் முழுக்கக் கடன்காறர். சித்திரையில பிரிச்சா, பக்கம் பக்கமா நீங்கள் சிவப்புப் பேனையால வெட்டின கோடு. ஆக்கள் அதே ஆக்கள்தான், பாத்த நாள் வேற. நீங்கள் வருசம் முழுக்கப் பாத்தபடியால ஆரையும் பிழையா எடைபோடேல்லை. இங்க பாக்கியை அந்தப் பில் நாளில வைச்சுத்தான் பாக்கினம்.

வேலையிடத்தில ஒரு அண்ணை, "முழுசாக் கட்டாத தங்கச்சி, கொஞ்சம் மிச்சம் விட்டாத்தான் ஸ்கோர் ஏறும்" எண்டார். நல்ல மனுசன், அவருக்கும் ஆரோ அப்பிடித்தான் சொல்லியிருப்பினம். நம்பி 600 டொலரை விட்டன். வருசத்துக்கு 19.99 வீதம், மாதம் கிட்டத்தட்ட 10 டொலர் வட்டி. முழுசாக் கட்டாட்டி, சாமான் வாங்கின நாளில இருந்தே வட்டி கணக்கெடுப்பினம். எல்லாத்தையும் கட்டி முடிச்ச பிறகும் அடுத்த பில்லில வால் மாதிரி இன்னும் கொஞ்சம் வந்துது. ஸ்கோர் ஒரு புள்ளி ஏறேல்லை. எவ்வளவு வட்டி கட்டினனீங்கள் எண்டு ஸ்கோர் பாக்கிறதே இல்லை. வட்டி போய்ப் பாக்கியில சேரும், பாக்கி கூடினால் ஸ்கோர் இறங்கும், அவ்வளவுதான்.

பங்குனியில இருந்து பில் வர முன்னம், 8ஆம் திகதியே பெரும்பகுதியைக் கட்டிப் போடுறன். பில்லில 90 டொலர் மட்டில நிக்கும், 9 வீதம். மிச்சத்தைக் கடைசி நாளுக்கு முன்னம் கட்டுறன். போன சனிக்கிழமை எடுத்துப் பாத்தன், 61 புள்ளி ஏறியிருக்கு. எங்கட ஸ்கோரை நாங்களே பாத்தா அது குறையாது. 30 வீதத்துக்குக் கீழ வைச்சிருக்கச் சொல்லித்தான் இங்கத்தை அரசாங்கமும் சொல்லுது.

இன்னொண்டு, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. கண் ஒப்பரேசனுக்கு அனுப்பினதில 300 டொலர் காட்டில இருந்து காசா எடுத்தது. காசா எடுத்தா அண்டைக்கே வட்டி தொடங்கும், அதுவும் 22.99 வீதம். கட்டி முடிச்சிட்டன். அம்மாவுக்கு எண்டால் திரும்பவும் எடுப்பன். ஆனா தம்பி வேற எதுக்கும் அந்தக் காட்டை மெசினில போட்டுக் காசு எடுக்கக் கூடாது.

காட் கையில கிடைக்கிற அண்டைக்கே பில் திகதியையும் கடைசித் திகதியையும் எழுதி வைக்கச் சொல்லுங்கோ. பாக்கி கூடிப் போனால் அடுத்த மாதம் குறைச்சு ஸ்கோரைச் சரிப்படுத்தலாம். காசு கட்டாமல் தவறவிட்டது பதிவானால் 6 வருசம் நிக்கும்.

ஆனியில ஒரு வீடு பாக்கப் போறன். ரெண்டு அறை, பஸ் ஸ்டொப்புக்குக் கிட்ட. யன்னல் பக்கத்து அறை தம்பிக்கு. அம்மாவுக்குக் கண் மருந்தை நேரத்துக்கு விடுங்கோ அப்பா.

அன்பு மகள்