அந்த வீட்டு விளக்கு

தஞ்சாவூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. நித்யா பதினைந்து நாள் லீவில் வந்திருந்தாள். நேற்று ராத்திரிதான் அவளை ரயிலேற்றிவிட்டு வந்தோம். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உன் மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. குறைந்துவிட்டதே என்று மொட்டைமாடிக்கு ஏறி இறங்காதே. இந்த வருஷம் வடாம் காயப்போட வேறு ஆள் பார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த இங்கிலீஷ் திகில் படங்களில் வருகிற கொலைகாரர்கள் மைக்கேல், ஜேசன், ஃப்ரெடி மூவரில் யாரைக் கண்டால் எனக்கு அதிகம் பயம் என்று கேட்டிருக்கிறாய். உன் ஓட்டு ஃப்ரெடிக்குத்தான் என்றும் எழுதிவிட்டாய். முப்பது வருஷத்துக்கு முன்னால் பாலு அண்ணன் டெக் வாடகைக்கு எடுத்துவந்த அந்தப் பொங்கல் லீவிலும் நீ இதையேதான் சொன்னாய். விடிய விடிய மூன்று கேசட். மூன்றாவது ஓடும்போது திரை முழுக்கக் கோடு. உங்கம்மா முறுக்குத் தட்டை நடுவில் வைத்துவிட்டு, "இந்தக் கருமத்தையெல்லாம் பாத்துட்டு ராத்திரி கொல்லைப்பக்கம் எப்படிடி போவீங்க" என்று திட்டிவிட்டுப் போனார்கள். சொன்னபடியே, விடிகிறவரைக்கும் நாம் போகவில்லை.

நித்யாவோடு உட்கார்ந்து அந்த மூன்றையும் மறுபடி பார்த்தேன் மல்லி. அவள் லேப்டாப்பை டிவியில் மாட்டினாள். நல்ல பிரிண்ட். அன்றைக்குக் கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் கண்ணில் படாததெல்லாம் இப்போது பட்டது. அதிலிருந்து ஒரு விஷயம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் ‘ஹாலோவீன்’. 1978இல் ஜான் கார்ப்பென்டர் எடுத்தது. மொத்தச் செலவே ஏறக்குறைய மூன்றேகால் லட்சம் டாலர். கதை நடப்பது இலினாய் மாநிலத்து ஹேடன்ஃபீல்டு, ஆனால் எடுத்தது கலிபோர்னியாவில், அதுவும் வசந்த காலத்தில். உதிர்ந்த இலைக்கு வழியில்லாமல், இலைகளுக்குப் பெயின்ட் அடித்துத் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் கூட்டி அள்ளி அடுத்த ஷாட்டுக்கு வைத்துக்கொண்டார்களாம். மைக்கேல் மையர்ஸின் அந்த வெள்ளை முகம், ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் கிர்க் முகமூடி. இரண்டு டாலர்கூட இல்லை விலை. புருவத்தைப் பிய்த்து, கண் துவாரத்தைப் பெரிதாக்கி, வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். நடிகர் பட்டியலில் அவனுக்குப் போட்ட பெயர் வெறும் ‘உருவம்’. முகமூடிக்குள் இருந்தவர் நிக் கேஸில். ஒரு பையனைக் கத்தியால் சுவரோடு சேர்த்துக் குத்திவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, பிறகு மறுபக்கம் சாய்த்துப் பார்ப்பானே, அந்த இடத்தில் நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் நான் சொல்லவந்தது அவனைப் பற்றி இல்லை. கதாநாயகி லோரி அவனிடமிருந்து தப்பித்து ஓடிவருகிற இடம். லோரியாக வருவது ஜேமி லீ கர்ட்டிஸ். கை கிழிந்திருக்கிறது, கால் நொண்டுகிறது. பக்கத்து வீட்டு வாசலுக்கு ஓடிக் கதவை இடிக்கிறாள், காப்பாற்றுங்கள் என்று கதறுகிறாள். வாசல் விளக்கு எரிகிறது. ஜன்னல் மறைப்பை விலக்கி உள்ளேயிருந்து யாரோ பார்க்கிறார்கள். அப்புறம் விளக்கு அணைகிறது.

அவ்வளவுதான். சில விநாடி. அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. ரிமோட்டை வாங்கி அந்த இடத்தை மட்டும் நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். கத்தி வைத்திருப்பவன் தெருவுக்கு அந்தப் பக்கம் மெதுவாகத்தான் வந்துகொண்டிருக்கிறான். அவன் ஓடவே வேண்டியதில்லை. ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும்போது அவனுக்கு என்ன அவசரம்?

அவள் எதிர் வீட்டுக்கு ஓடி, பூந்தொட்டியை எடுத்து மாடி ஜன்னலில் எறிகிறாள். தூக்கக் கலக்கத்தோடு இறங்கிவந்து கதவைத் திறக்கிறவன் டாமி. அவள் அன்று ராத்திரி பார்த்துக்கொள்ள வந்த சின்னப் பையன். மாலையிலிருந்து அவன் வெளியே பூச்சாண்டி நிற்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பூச்சாண்டியெல்லாம் கிடையாது என்று அடக்கியவள் இதே லோரி. அவள் நம்பாத குழந்தைதான் அவளுக்குக் கதவைத் திறந்தது. அன்றைக்கு இது நம் மண்டையில் ஏறவேயில்லை, இல்லையா?

இந்தத் திரைக்கதையில் பாதி ஒரு பெண்ணுடையது. டெப்ரா ஹில், கார்ப்பென்டரோடு சேர்ந்து எழுதியவர், தயாரிப்பாளரும் அவர்தான். அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசுகிற பேச்செல்லாம் அவர் எழுதியது. அவரும் சின்ன வயதில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவர். நியூ ஜெர்சியில் அவர் ஊர்ப் பெயரே ஹேடன்ஃபீல்டு.

இப்போது உன் ஆளுக்கு வருகிறேன். ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’, 1984, வெஸ் க்ரேவன். கனவில் வந்து கொல்கிறவன் ஃப்ரெடி, தூங்காமல் எவனும் இருக்க முடியாது, அதனால் அவனுக்குத் தப்ப முடியாது என்று நீ எழுதியது சரிதான். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன அகதிகளில் சில இளவயதுக்காரர்கள் கெட்ட கனவு கண்டு, தூங்கவே பயந்து, கடைசியில் தூக்கத்திலேயே இறந்துபோன செய்திகளைப் பேப்பரில் படித்துத்தான் க்ரேவனுக்கு இந்தக் கதை தோன்றியிருக்கிறது. ஃப்ரெடியின் அந்தச் சிவப்பும் பச்சையும் கோடு போட்ட ஸ்வெட்டர்கூட, அடுத்தடுத்து இருந்தால் கண்ணுக்கு ஒட்டாத நிறங்கள் என்று ஏதோ படித்துவிட்டு அவர் தேர்ந்தெடுத்தது. ஃப்ரெடியாக ராபர்ட் இங்லண்டு நன்றாகத்தான் செய்திருக்கிறார். முதல் படத்தில் அவர் வருவதே சில நிமிஷம், அதனால்தான் அவ்வளவு கனம்.

ஆனால் கதாநாயகி நான்ஸியைப் பார் மல்லி. ஃப்ரெடி குழந்தைகளைக் கொன்றவன். வாரன்டில் ஒரு கையெழுத்துக் கோளாறால் கோர்ட் விட்டுவிட்டது. பெற்றோர்கள் கூடி அவனை எரித்துவிட்டார்கள். எரித்ததைப் பிள்ளைகளிடம் மறைத்துவிட்டார்கள். பழி வந்து விடிவது பிள்ளைகள் தலையில். மகள் தூங்கப் பயந்து கட்டிலுக்குப் பக்கத்தில் காபி மெஷினை ஒளித்துவைத்திருக்கிறாள். அம்மா என்ன செய்கிறாள்? ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்டு, வாசலைப் பூட்டி, சாவியை வைத்துக்கொண்டு குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். எதிர்வீட்டு க்ளென்னை எச்சரிக்க நான்ஸி போன் போடுகிறாள். அவன் அப்பா ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுகிறார். மகன் நல்ல தூக்கம் தூங்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அந்தத் தூக்கத்தில்தான் அவன் போகிறான். க்ளென்னாக வருவது ஜானி டெப், அவருக்கு அதுதான் முதல் படம். கீழே வைத்த ரிசீவரைப் பார்த்ததும் எனக்கு அணைந்த அந்த வாசல் விளக்குதான் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே கை செய்த வேலை மாதிரி.

ஜேசன் படமான ‘ஃபிரைடே தி தர்ட்டீந்த்’ (1980) மற்ற இரண்டின் தரத்துக்கு இல்லை. ஏரிக்கரை முகாம் ஒன்றில் நடக்கிற கதை. ஹாலோவீன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எடுத்தது என்பது பளிச்சென்று தெரிகிறது. டாம் சவினியின் மேக்கப் வேலை ஒன்றைத் தவிர, பாதிப் படம் எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. அந்த அம்மா வரும்வரைக்கும். வெளியே மழை, கூட இருந்தவர்களெல்லாம் செத்தாயிற்று, ஆலிஸ் ஒருத்திதான் மிச்சம். அப்போது ஜீப்பிலிருந்து ஸ்வெட்டர் போட்ட ஒரு பெரியம்மா இறங்கிவருகிறாள். அப்பாடா, பெரியவர்கள் வந்துவிட்டார்கள் என்று நமக்கே மூச்சு வருகிறது. அவளாக வருவது பெட்ஸி பால்மர், அங்கே டிவியில் எல்லார் வீட்டுக்கும் பழக்கப்பட்ட முகம். அவள் தன் மகனைப் பற்றிச் சொல்கிறாள்: ஜேசன், ஏரியில் மூழ்கிப் போனான், பார்த்துக்கொள்ள வேண்டிய இளவட்டங்கள் வேறு சுகத்தில் இருந்தார்கள், இன்றைக்கு அவன் பிறந்தநாள். சொல்லச் சொல்லக் குரல் மாறி, குழந்தைக் குரலில் "கொல்லும்மா" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள். படம் முழுக்கக் காற்றில் வருமே ‘கி கி கி, மா மா மா’ என்று, அது இங்கிலீஷில் ‘கில் ஹெர் மம்மி’ என்கிற இந்தக் கட்டளையின் ‘கி’யும் ‘ம’வும்தான். இசையமைப்பாளர் ஹாரி மான்ஃப்ரெடினி தானே மைக்கில் சொல்லிப் பதிவு செய்தது.

மூன்று பேரில் யார் என்று கேட்டாயே, நான்காவதாக இவளைச் சேர்த்தால் என் ஓட்டு இவளுக்கு. அவள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அந்த நியாயம் கையில் கத்தியோடு தப்பான பிள்ளைகள் மேல் போய் விழுகிறது. ஆனால் ஊர் இவளை மறந்தேவிட்டது. 1981இல் இரண்டாம் பாகத்தில் ஜேசன் தலையில் சாக்குப்பையோடு வந்தான். 1982இல் மூன்றாம் பாகத்தில் ஹாக்கி முகமூடி கிடைத்தது. அதோடு அம்மா கதை முடிந்தது. 1996இல் அதே க்ரேவன் எடுத்த ‘ஸ்க்ரீம்’ ஞாபகமிருக்கிறதா? போனில் கேள்வி கேட்கிறவன், முதல் ஃபிரைடே படத்தில் கொலைகாரன் யார் என்பான். ட்ரூ பேரிமோர் ஜேசன் ஜேசன் என்று கத்துவாள். தப்பு, அவன் அம்மா. அந்தத் தப்புக்கு விலை உயிர். அங்கேயும் கடைசியில் அவள் அப்பா அம்மா வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார்கள். கூப்பிட அவளுக்குக் குரல் இல்லை.

அடுத்தடுத்த பாகங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஹாலோவீன் பதிமூன்று, ஜேசன் பன்னிரண்டு, ஃப்ரெடி ஒன்பது. அதில் ஒன்றில் ஜேசனும் ஃப்ரெடியும் மோதிக்கொள்கிறார்கள். ஃப்ரெடி வரவர வசனம் பேசிக் கைதட்டு வாங்குகிறவன் ஆகிவிட்டான். குழந்தைகளைக் கொன்றவனைக் குழந்தைகளுக்குப் பொம்மையாகவே விற்றார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. முகமூடியும் ஃப்ரெடியின் கத்தி வைத்த கையுறையும் மட்டும் பாகம் பாகமாகப் போயின. அணைந்த விளக்கை யாரும் கூட எடுத்துப் போகவில்லை.

ஒரே ஒரு படம் எடுத்துப் போனது. 2018இல் வந்த ‘ஹாலோவீன்’. நடுவில் வந்த பாகங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நாற்பது வருஷம் கழித்து லோரி. தலை நரைத்துவிட்டது, பேத்தி இருக்கிறாள். காட்டோரம் வீட்டைக் கோட்டை மாதிரி கட்டி வைத்திருக்கிறாள். மறுபடி வருவான் என்று சொல்லிச் சொல்லி, பைத்தியம் என்று பேர் வாங்கி, பெற்ற மகளே விலகிப் போய்விட்டாள். அவன் வருகிறான். அந்த மகள் நிலவறையில் துப்பாக்கியோடு நின்று, என்னால் முடியாதும்மா என்று அழுகிறாள். அவன் படி வாசலில் தலைகாட்டியதும் அழுகையைச் சட்டென்று நிறுத்திவிட்டுச் சுடுகிறாளே, நான் வாய்விட்டு அழுதுவிட்டேன் மல்லி. நித்யா பயந்துபோய்ப் படத்தை நிறுத்திவிட்டாள்.

ஏன் அழுதேன் என்று அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லலாம்.

அந்தப் பொங்கல் லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் விஜி சொன்னாள் அல்லவா? பாத்ரூம் பின்சுவரை ஒட்டி, வேப்பமரத்தடியில், ராத்திரி ஓர் ஆள் நிற்கிறான் என்று. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னாள். கண்ட கதையும் படித்தால் இப்படித்தான் என்று வார்டன் அவளைத்தான் திட்டினார். நாம் என்ன செய்தோம்? புதிதாகப் படம் பார்த்த மப்பில் "மைக்கேல் வந்துட்டான்டி" என்று மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தோம். ஆரம்பித்தது நான். ஒரு ராத்திரி அவள் நம் ரூம் கதவைத் தட்டினாள், கூட வா பாத்ரூமுக்கு என்று. நாம் விழித்துக்கொண்டுதான் இருந்தோம். நான்தான் கையை நீட்டி லைட்டை அணைத்தேன்.

அப்புறம் மூன்றாவது வாரம் வாட்ச்மேன் ஓர் ஆளைச் சுவரேறும்போது பிடித்தார். யாரும் விஜியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வருஷ நடுவில் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனபோது நாம் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவள் ஊர் பட்டுக்கோட்டை. உன் சின்ன நாத்தனார் அங்கேதானே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்? அப்பா கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்ததாக விஜி சொன்ன ஞாபகம். விசாரித்துப் பார்க்கச் சொல். நம்பர் கிடைத்தால் எனக்கு அனுப்பு. போனில் சொல்கிற விஷயம் இல்லை. இங்கிருந்து பஸ்ஸில் போய்விட்டே வரலாம். முட்டி ஒத்துழைத்தால் நீயும் வா. உனக்கு முடியாவிட்டால் நான் மட்டும் போகிறேன்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். பதில் போடு.

இப்படிக்கு
உன் சாந்தி