அந்த 41 விநாடியை எடுத்துவிடுங்கள்: எங்கள் பட்டணத்துப் பாலர் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எந்தக் காணொளி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, வகுப்பில் என் ஐந்து வயதுப் பேத்தி நிலாவைப் பற்றிப் பேசியதைப் பிடித்துப் போட்டீர்களே, அதுதான். எடுத்தது நீங்கள், பின்னணியில் பாட்டு சேர்த்தது நீங்கள், "புதிய மாணவர் சேர்க்கை" என்று போன் நம்பரோடு போட்டதும் நீங்கள்தான். மூன்று வாரம் ஆகிறது. இரண்டு தடவை நேரில் வந்து கேட்டேன், "பார்ப்போம் ஐயா" என்றீர்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு தடவை கேட்டேன், கைகூப்பும் படம் ஒன்று வந்தது. அதனால்தான் இப்போது ஊர் பார்க்க எழுதுகிறேன். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், முதல் தடவை பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. "நிலா எங்கே இருக்கு?" என்று ஆசிரியை கேட்க, என் பேத்தி கொஞ்சமும் யோசிக்காமல், "தாத்தா மோட்டார் பின்னாடி வரும். தாத்தா பெட்ரோல் ஊத்த நின்னா அதுவும் நிக்கும்" என்கிறாள். "அப்போ டீச்சர் வீட்டுக்கு?" "உங்களுக்கு வேற நிலா இருக்கும்ல." வீட்டில் இவள் பேசுவது இதைவிட மோசம். போன மாதம் அவள் அப்பா போனில் யாரிடமோ "சம்பளம் இன்னும் வரல" என்று சொல்லிக்கொண்டிருந்தார், இவள் பக்கத்தில் வந்து "பஸ் கிடைக்கலையா?" என்று கேட்டாள். ஏடிஎம்முக்குள் ஓர் அங்கிள் உட்கார்ந்து காசு எண்ணிக் கொடுக்கிறாராம், பணம் வந்ததும் அந்த இடுக்கில் வாயை வைத்து நன்றி சொல்லாமல் நகரமாட்டாள்.

நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவன். விடியுமுன் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு மணி அடிக்கும், கொஞ்ச நேரத்தில் கிழக்கே வெளுக்கும். மணி அடிக்கிறவர்தான் சூரியனை எழுப்புகிறார் என்று ஆறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன், ஒரு நாள் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு இன்றைக்கு விடியவே விடியாது என்று அழுதிருக்கிறேன். அம்மா சிரித்தார், அடுத்த வீட்டுக்குச் சொன்னார், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை வரைக்கும் போனது. அதற்கு மேல் போக வழியில்லை, நல்லவேளை.

பேத்தி சொன்னது அப்படியொன்றும் உளறலும் இல்லை. மோட்டார் சைக்கிளில் போனால் சாலையோரத்துச் செம்பனை மரமெல்லாம் பின்னால் ஓடும். நிலா ஏறக்குறைய 384,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நாம் நாலைந்து கிலோமீட்டர் போனாலும் அது இருந்த இடத்திலேயே இருப்பதுபோல்தான் தெரியும். மரங்கள் ஓட, இது மட்டும் கூடவே வந்தால் ஐந்து வயதுப் பிள்ளை வேறென்ன நினைக்கும்? (எங்கள் சாலையில் தெருவிளக்கு எரிவதே இல்லை, அதனால் நிலா பளிச்சென்று தெரியும். அதற்கு மாவட்ட மன்றத்துக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.) சுவிட்சர்லாந்தில் பியாஜே என்ற உளவியலாளர் 1920களிலேயே சிறு பிள்ளைகளிடம் இப்படியெல்லாம் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளைகளும் நிலா தங்கள் பின்னால் வருவதாகத்தான் சொன்னார்கள். அவர் ஏன் அப்படி நினைக்கிறாய் என்று அடுத்த கேள்வி கேட்டார். நீங்கள் பாட்டுப் போட்டீர்கள்.

போன சனிக்கிழமை பேத்தியைப் பாசார் மாலாமுக்கு, அதாவது இரவுச் சந்தைக்கு, கூட்டிப்போனேன். அப்பம் பாலிக் என்ற மடித்த இனிப்பு அப்பம் விற்கிற தம்பி, நல்ல பிள்ளைதான், "ஏய் நிலாப் பாப்பா! நிலாவ எங்க பார்க் பண்ணிட்டு வந்த?" என்றான். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், ஓர் அம்மா "இதுதானா அது?" என்று போனைத் தூக்கினார். பேத்தி என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அப்பத்தை வாங்கவே இல்லை. அன்றைக்கு நல்ல நிலா. வழக்கமாக ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்து "வருது தாத்தா" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வருவாள். அன்று ஹெல்மெட்டை என் முதுகில் முட்டுக்கொடுத்துக்கொண்டு தலை தூக்கவில்லை. எண்ணெய் போட நின்றபோது நானே, "பாரும்மா, நிக்குது" என்றேன். "அது நிக்கல தாத்தா. நான் சும்மா சொன்னேன்" என்றாள்.

நீங்கள் அனுப்பிய அறிக்கையில், "வகுப்பில் பேசுவதில்லை, பெற்றோர் கவனிக்கவும்" என்று இருந்தது. கவனித்துவிட்டோம்.

முப்பது வருடம் தோட்டத்து ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன் நான், படிவம் நிரப்புவதற்குப் பயந்தவன் இல்லை. ஒரு நாள் சுற்றுலாவுக்கு அப்பா கையெழுத்து, அம்மா கையெழுத்து, பிறப்புப் பத்திர நகல் எல்லாம் கேட்டீர்கள், கொடுத்தோம். பிள்ளையின் முகத்தை உலகம் பூராவும் அனுப்ப மட்டும் ஒரு துண்டுக் காகிதம்கூடத் தேவைப்படவில்லை. டிக்டாக்கில் சிறு பிள்ளைகள் கணக்கே திறக்கக் கூடாதாம், ஐந்து வயதுக்காரியை வைத்து விளம்பரம் செய்யலாமாம். சிறார் உரிமை பற்றிய ஐநா உடன்படிக்கையில் நம் மலேசியா 1995-லேயே சேர்ந்துவிட்டது, அதன் 16-வது பிரிவு பிள்ளைகளின் அந்தரங்கத்தைப் பற்றித்தான் பேசுகிறது. இதைத் தேடி எடுத்துக் கொடுத்தது என் மகள். அப்புறம் இப்போதெல்லாம் காது குத்துக்குப் போனாலும் பிள்ளை வலியில் கத்துகிறது, சுற்றி நிற்கிற சொந்தக்காரர்கள் பத்துப் பேர் போனைப் பிடித்துக்கொண்டு "இங்க பாரு, இங்க பாரு" என்கிறார்கள், ஒருவராவது அதைத் தூக்கினால்தானே... சரி, அது உங்கள் தவறில்லை. எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

ஆசிரியையைத் திட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சின்னப் பெண், பிள்ளைகள் மேல் பாசமாகத்தான் இருக்கிறார். பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு வகுப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் சிரியுங்கள், சாயங்காலம் கூட்டிப்போக வரும்போது எங்களிடமும் சொல்லுங்கள், நாங்களும் சிரிக்கிறோம். போனை மட்டும் பைக்குள் வையுங்கள். இனி யார் பிள்ளையை எடுப்பதானாலும் வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

அந்த 41 விநாடியை இந்த வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிட்டு, எடுத்தாயிற்று என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். கைகூப்பும் படம் வேண்டாம். இந்த மாதக் கட்டணத்தை முதல் தேதியே கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது.

இப்படிக்கு,
மோட்டாரில் வரும் தாத்தா