களை எடுக்க நாள் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

இயற்கை வழித் தானியச் சாகுபடி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, எருவுக்கும் விதை நேர்த்திக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்துவிட்டு, களையை "20ஆம் நாளும் 40ஆம் நாளும் கைக்களை எடுக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. களைக்கொல்லி தெளிக்காதவர்களுக்கு விளைச்சல் நிற்பதும் விழுவதும் அந்த ஒரு வரியில்தான்.

மண்ணில் சூடும் ஈரமும் இருந்தால் 20 நாளில் களை பயிரை மிஞ்சிவிடும். குளிர்ந்த மண்ணில் அப்போதுதான் தலைகாட்டும். ஆகவே களையின் வயதைத்தான் பார்க்க வேண்டும். விதைத்த சில நாளில் மேல்மண்ணை விரலால் லேசாகக் கீறிப் பாருங்கள். வெள்ளை நூல் மாதிரி முளைகள் கிடக்கும். அந்தப் பருவத்தில் கிளறிவிட்டாலே ஒரு வெயிலில் காய்ந்துவிடும். நாலு இலை விட்டு வேர் பிடித்த பிறகு அதே களையை ஆள் வைத்துத்தான் பிடுங்க வேண்டும்.

கோதுமை, பார்லி விதையை 4–5 செ.மீ. ஆழத்தில் போட்டு, பயிர் வெளிவருமுன் கம்பிப்பல் பலுகை (மேல்மண்ணைக் கீறிவிடும் கம்பிப் பற்கள் கொண்ட கருவி) 2 செ.மீ.க்கு மேல் இறங்காமல் ஓட்டுவது இதற்காகத்தான். குருத்து மண்ணைப் பிளக்கும் தறுவாயில் மட்டும் ஓட்டவே கூடாது, ஒடிந்துவிடும். பிறகு மூன்று இலை வரட்டும். இலையைப் பிடித்து இழுத்தால் பயிர் கையோடு வராத அளவுக்கு வேர் ஊன்றியிருந்தால் மறுபடி ஓட்டலாம். மழை வரும்போலிருந்தால் வேண்டாம். கிளறிய களை திரும்ப வேர் பிடித்துக்கொள்ளும்.

வரிசை நடவு நெல்லில் நட்ட 10–12 நாளில் லேசாகத் தண்ணீர் தேக்கி, வரிசைகளுக்கு இடையே கையால் தள்ளும் உருளைக் களைக்கருவியான கோனோவீடரை உருட்ட வேண்டும். பிறகு பத்து நாளுக்கொரு தடவை, பயிர் இடைவெளியை மூடும்வரை. குத்தோடு ஒட்டி வளரும் நெல் போன்ற புல்லுக்கு அது எட்டாது. இலை தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள்: நெல்லுக்கு அங்கே மெல்லிய சவ்வு உண்டு, அந்தப் புல்லுக்கு இல்லை. கதிர் தள்ளி விதை உதிர்க்குமுன் அதைக் கையால்தான் பிடுங்க வேண்டும்.

கோரைக்கு இந்தக் கணக்கு எதுவும் ஒத்துவராது. கிழங்கிலிருந்து தழைப்பதால், புதுக் கிழங்கு வைக்குமுன் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும்.

இனிச் சாகுபடி அட்டவணை வெளியிடும்போது, நாள் எண்ணுக்குப் பக்கத்திலேயே பயிருக்கு எத்தனை இலை, களைக்கு எத்தனை இலை என்றும் போடுங்கள். புதிதாக இறங்குபவர்கள் அதை வைத்துத்தான் களையெடுக்க ஆளுக்குச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்கை விவசாயி