மூணாவது பேட்டரி வேண்டாம்

அன்புள்ள மாப்ள,

பதில் போடலைன்னு நீ திட்டினது நியாயம்தான். இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி குறைஞ்சிருக்கு. மத்ததெல்லாம் அப்புறம். மூணாவது பேட்டரி வாங்கப் போறேன்னு எழுதியிருக்கியே, அதைப் படிச்சதும் வயித்தெரிச்சல் தாங்கல.

உன் மாருதி 800ல சாவியைத் திருப்பினா ஒரு 'டிக்', அதோட சரி. ஆனா அப்பவும் ஹெட்லைட் மங்கலைன்னு நீயே எழுதியிருக்கே. பேட்டரி செத்திருந்தா லைட்டும் கூடவே படுத்திருக்கணுமே! எனக்கு இன்ஜின் எர்த் மேலதான் சந்தேகம், அதாவது பேட்டரி நெகட்டிவையும் இன்ஜினையும் இணைக்கற கேபிள். லைட்டுக்கு பாடி வழியா எர்த் கிடைச்சிடும், பத்து ஆம்பியர் போதும். செல்ஃப், அதான் இன்ஜினைச் சுத்தி விடற மோட்டார், நூறுக்கு மேல இழுக்கும். அது இன்ஜின் வழியாத்தான் திரும்பி வரணும். போல்ட்டுல உப்பு பூத்திருந்தா அங்கேயே நின்னுடும்.

பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்கற காயிலுக்குப் போற சின்ன வயரைக் கழட்டிடு, வண்டி ஸ்டார்ட் ஆகாது. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டிரு. மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் ஈயத்து மேலயே குத்து, கிளாம்ப் மேல இல்ல. இன்னொண்ணு இன்ஜின் பிளாக்ல பெயிண்ட் இல்லாத இடத்துல. யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லு. 0.2 வோல்ட்டுக்குள்ள காட்டினா எர்த் நல்லாருக்கு. அரை வோல்ட்டைத் தாண்டினா ஆள் சிக்கிட்டான். மீட்டர் இல்லைன்னா ஜம்பர் கேபிள் ஒண்ணை நெகட்டிவ்ல இருந்து நேரா பிளாக்குக்குக் குடு. செல்ஃப் சுத்தினா முடிஞ்சது கதை.

இது விளையாட்டு இல்ல மாப்ள. எர்த் போன வண்டியில செல்ஃப் அடிச்சிட்டே இருந்தா கரண்ட் சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியா ஓடும். தொட்டா சுடும், மேல்உறை உருகும். பக்கத்துலயே கார்புரேட்டர், பெட்ரோல். அதனால பார்க்கறவரைக்கும் பிள்ளைங்களை அதுல ஏத்தாதே.

சரி பண்றதுக்கு முதல்ல நெகட்டிவைக் கழட்டு, கடைசியா மாட்டு. எர்த் கேபிளோட ரெண்டு முனையையும் உப்புத்தாள் போட்டு வெள்ளையா தேய், இறுக்கினப்புறம் வாஸ்லின் தடவு. கேபிளுக்குள்ள பச்சை பிடிச்சிருந்தா புதுசு போடு, பேட்டரி கேபிள் தடிமனுக்குக் குறையக் கூடாது. உங்க மெக்கானிக் மாதிரி ஹாரன் வயரை முறுக்கி வைக்காதே!

எர்த் சரியா இருந்தும் டிக் டிக்னா, செல்ஃபுக்குப் போற பாசிட்டிவ் கேபிளையும் அதே மாதிரி முனைக்கு முனை அளந்து பாரு. அதுவும் சுத்தம்னா செல்ஃபைக் கழட்டலாம்: கார்பன் பிரஷ் தேய்ஞ்சிருக்கும், இல்ல சொலினாய்டு (செல்ஃபுக்கு கரண்ட் விடற சுவிட்ச்) காண்டாக்ட் கருகியிருக்கும். ரெண்டும் புது பேட்டரி விலைக்கு வராது.

மீட்டர் என்ன காட்டுச்சுன்னு எழுது. சேதுகிட்ட இருக்கற என் 12ஆம் நம்பர் ஸ்பானரை வாங்கிக்கோ, தரமாட்டான், இருந்தாலும் கேளு.

உன்,
ரவி