சரக்கு யார் தலையில் தேங்குகிறது?

பீனியா, பெங்களூரு

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் பி.யூ.சி. சேர்ந்துவிட்டாள்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கு மீதான வரியை 50 சதவீதமாக்கியதும் உன் ஆடைகளை வாங்கும் அமெரிக்க பையர் ஆர்டரை நிறுத்திவைத்ததைப் படித்து மனசு கேட்கவில்லை. அதே வருஷம் எனக்கும் அதே அடி, வேறு பக்கத்திலிருந்து விழுந்தது.

மின்சார ஸ்கூட்டர் மோட்டாருக்கு நான் ஷாஃப்ட் (சுழலும் நடுத்தண்டு) கடைந்து கொடுப்பது உனக்குத் தெரியும். அந்த ஏப்ரலில் சீனா, மோட்டாருக்குள் வைக்கும் சில வகை அரிய மண் (ரேர் எர்த்) காந்தங்களை உரிமம் இல்லாமல் வெளியே விடுவதில்லை என்று அறிவித்தது. காந்தம் இல்லையென்றால் மோட்டார் இல்லை, வண்டியும் இல்லை. என்னிடம் இரும்பு இருந்தது, ஆள் இருந்தார்கள், மெஷின் ஓடியது. ஆனாலும் மோட்டார் கம்பெனி கேட்கும் ஷெட்யூல் பாதியாகிவிட்டது. செய்து முடித்த ஷாஃப்ட்டுகள் எண்ணெய் தடவி, பாலித்தீன் சுற்றி ராக்கில் கிடந்தன. மழைக்காலம் வேறு. துருப் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, துடைத்து, மறுபடி எண்ணெய் போடவே ஒரு பையனை வைக்க வேண்டியிருந்தது.

இதில்தான் எனக்குக் கோபம். ‘ஜஸ்ட் இன் டைம்’, அதாவது தேவைப்படும் நேரத்துக்குத்தான் சரக்கை வரவழைப்பது என்று பெரிய கம்பெனி தன் கணக்கில் ஸ்டாக்கே இல்லாமல் காட்டுகிறது. அந்த ஸ்டாக் எங்கே போயிற்று? என் ஷெட்டில், என் பேங்க் ஓவர்டிராஃப்ட் வட்டியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த முறையை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த டொயோட்டாவே 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு மாறிக்கொண்டது. சிப் சப்ளையர்களைச் சில மாதத்துக்கான இருப்பு வைக்கச் சொன்னது. அதற்காக ஆகும் செலவிலும் ஒரு பங்கை ஏற்றது. 2021 சிப் தட்டுப்பாட்டில் மற்றவர்களைவிடக் கொஞ்ச காலம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது அதனால்தான். இங்கே முதல் பாதியை மட்டும் காப்பி அடிக்கிறார்கள். சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. எனக்கு மூன்று மாதம் ஆகிறது.

சரி, உன் விஷயம். பிரிட்டன் பையர் பற்றிக் கேட்டிருந்தாய். தைரியமாகப் பேசு. 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் நம் ஆடைகளுக்கு அங்கே வரி விலக்கு இருக்கிறது. ஆனால் வரியை மட்டும் பார்த்து விலை சொல்லிவிடாதே. செங்கடலை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் கப்பல் பத்துப் பன்னிரண்டு நாள் கூடுதலாக எடுக்கும். சரக்கு போய்ச் சேர்ந்த தேதியிலிருந்துதான் பணம் தரும் கெடு என்றால் அத்தனை நாள் வட்டியும் உன் தலையில்தான். கப்பலேறிய தேதியிலிருந்து எண்ணச் சொல். நூலும் சாயமும் அவர்களுக்காகவே வாங்குவதென்றால் முன்பணம் கேள். தரமாட்டேன் என்றால் சின்ன ஆர்டராக எடு.

பழைய அமெரிக்க பையரையும் விட்டுவிடாதே. உன் மொத்த ஆர்டரில் அவர்கள் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள், போதும். நானும் ஸ்கூட்டரோடு நிற்காமல் பம்ப் ஷாஃப்ட் பக்கம் போயிருக்கிறேன். லாபம் குறைவுதான், ஆனால் அதில் காந்தத் தட்டுப்பாடு நம்மைத் தொடாது.

சாம்பிள் அனுப்பும் முன் பேமென்ட் ஷரத்தை வாட்ஸ்அப்பில் போடு. என் ஆடிட்டரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பீனியா மாப்பிள்ளை